பொதுச்சுழி

பணகுடியில் காற்று இன்று
பத்து மணிக்கே எழுந்துவிட்டது.
ஷெட்டின் தகரம் கிடந்து அடித்துக்கொள்கிறது.
கீழே, மரக்கட்டை மேல்
இறக்கி வைத்த காற்றாலையின் கியர்பாக்ஸ்.
அதன் மூக்கில் நான் மாட்டிய
உள்ளங்கை அகல என்கோடர்.
சுற்றுக்கு ஆயிரத்து இருபத்துநான்கு துடிப்பு.

ஐந்து வயர்.
சிவப்பு சாப்பாடு. கறுப்பு திரும்பும் வழி.
பச்சையும் வெள்ளையும் ஒரே சேதியைக்
கால்வாசி முன்பின்னாகச் சொல்கிறவை;
யார் முந்தி என்பதில்தான் இருக்கிறது
சக்கரம் எந்தப் பக்கம் போகிறது என்பது.
மஞ்சளைப் பற்றிப் பிறகு.

நேற்று தவசிக்கனி
டேட்டா பெட்டியின் ஐந்து வோல்ட்டிலேயே
இதற்கும் சோறு போட்டுவிட்டான்.
லேபிளில் பத்து முதல் முப்பது என்று
எறும்பு எழுத்தில் இருக்கிறது,
அதன் மேல் கிரீஸ்.
நான் திட்டவில்லை.
கங்கைகொண்டானில் என் முதல் வருஷம்
ஐந்து கேட்டதற்கு இருபத்துநான்கு கொடுத்தேன்.
அந்த வாசனை இன்னும் மூக்கில்.

இன்று தனி சப்ளை.
பச்சைக்கும் வெள்ளைக்கும் ஆளுக்கொரு ரெசிஸ்டர்,
சிவப்பு சிவப்பு சிவப்பு,
பெட்டியின் ஐந்து வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்க.
இதற்குக் கீழே இழுக்கத்தான் தெரியும்,
தானாக மேலே ஏறத் தெரியாது.

தண்டு அசையவில்லை.
திரையில் முப்பத்தேழு.
பக்கத்து ஷெட்டில் ஒரு வெல்டிங் பொறி,
இருநூற்றுப் பன்னிரண்டு.

கொம்பையா அண்ணாச்சி வாசலிலிருந்தே கேட்டார்:
"ஏ தவசி,
நிக்கித சக்கரத்துக்கு ஓடுன கணக்கு எழுதுதே,
இதுக்கு முன்ன சொசைட்டியில இருந்துச்சோ?"

மேஜைக்கடியில் குனிந்தேன்.
சப்ளைக்கு ஒரு சுழி.
பெட்டிக்கு ஒரு சுழி.
இரண்டும் சுழிதான், இரண்டும் ஒன்றல்ல.
அம்பையிலிருந்து ஒருவன் வள்ளியூர்க்காரனுக்குப் போனில்
"கால்வாயில் முழங்கால் தண்ணி" என்கிறான்.
யார் முழங்கால்?

ஒரு சாண் கறுப்பு வயர்,
இரு முனையும் சீவி
அந்தச் சுழிக்கும் இந்தச் சுழிக்குமாக.
ஷீல்டை ஒரு முனையில் மட்டும்.

பொறி. எண் நகரவில்லை.
இன்னொரு பொறி.
எனக்கே நம்பிக்கையில்லாமல்
மூன்றாவதுக்கும் காத்திருந்தேன்.

"சுத்து."
தவசிக்கனி இரு கையாலும் ஒரு முழுச் சுற்று.
கழித்தல் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.
பச்சை இடத்தில் வெள்ளை.
மாத்திரவா மேடம் என்றான்.
டீ குடிச்சிட்டு என்றேன்.

டீக்கு முன்னால் கரண்ட் போனது.
திரும்பி வந்தபோது திரையில் சுழி.
தண்டோ அதே இடத்தில்,
சாக்பீஸ் கோடு கூரையைப் பார்த்தபடி.

"அப்ப நிக்கித எடம் இதுக்குத் தெரியாதா?"
"நகந்தது மட்டுந்தான் தெரியும் அண்ணாச்சி."

அதற்குத்தான் மஞ்சள்.
ஒரு சுற்றுக்கு ஒரே முறை, ஒரே இடத்தில்
இங்கே என்று சொல்லும்.
மூன்றாவது ரெசிஸ்டர் பையில் இல்லை.

ஒரு ரூபாய் பெறாத பொருளுக்கு
பைக்கை உதைக்கிறான் தவசிக்கனி.
வள்ளியூர் ரோட்டில்
காற்றுக்காக உடம்பை மேற்கே சாய்த்து
நேராகப் போகிறான்.