மழைக்கான திருத்தம்

காலை ஐந்தே முக்கால், பரேல்.
எந்திரத்தின் முதல் நோயாளி
ஒரு தொட்டித் தண்ணீர்.
அதற்குள் சுண்டுவிரல் நுனியளவு ஒரு கூடு,
கூட்டுக்குள் ஒரு சிட்டிகைக் காற்று.
கதவை மூடி
இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்கு இப்பால் நின்று
நூறு யூனிட் கொடுக்கிறேன்.

வெப்பம் இருபத்திரண்டு புள்ளி நான்கு.
அழுத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.
கடல்மேல் எங்கோ தாழ்வு நிலை,
கூட்டுக்குள் காற்று இளைத்திருக்கிறது.
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு நான்கால் பெருக்கினால் சரியாகிவிடும்.
ரயில்வே, மாநகராட்சி, என் வீட்டுக்காரர்,
இந்த ஊரில் யாரும் மழையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
நான் சேர்க்கிறேன்,
மூன்று தசமம் வரை.

தாராவியிலிருந்து வரும் நம்மவர்கள்
கரண்ட் வைப்பது என்பார்கள்.
ஹிந்தியில் சிகாயி, மராத்தியில் ஷேக்.
இரண்டுக்கும் ஒத்தடம் என்றே பொருள்.
ஒத்தடத்தில் சூடு உண்டு.
இதில், ஒரு நாள் டோஸ் முழுவதும் சேர்ந்தாலும்
தண்ணீரை ஆயிரத்தில் ஒரு டிகிரிகூட ஏற்றாது.
பிறகு கழுத்துத் தோல் ஏன் கருகுகிறது என்பார்கள்.
கருகத்தான் செய்கிறது.

எனக்கு அவர்களைத் தெரியும்,
முகம்தான் தெரியாது.
தண்டுவடம் எத்தனை மில்லிமீட்டரில் தப்புகிறது,
எந்தக் கடைவாய்ப் பல்லில் உலோகம் அடைத்திருக்கிறது, எல்லாம் தெரியும்.
கேன்டீன் வரிசையில் முன்னால் நிற்பவரின்
உமிழ்நீர்ச் சுரப்பியைக் காப்பாற்ற
நேற்றிரவு பதினொன்று வரை உட்கார்ந்திருந்திருப்பேன்.
கொஞ்சம் தள்ளுங்க என்பேன் அவரிடம்.

பத்து மணிக்கு ஹிந்த்மாதாவில் இடுப்பளவு தண்ணீர்.
சயனுக்கும் குர்லாவுக்கும் நடுவே ரயில் நின்றுவிட்டது.
தொண்ணூற்றாறு பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் வரவில்லை.
வராத நாளைக் கட்டி தனக்கு எடுத்துக்கொள்ளும்.
அதற்கும் ஒரு வாய்பாடு வைத்திருக்கிறோம்.
இன்றைக்கு இரண்டாம் முறை
மழை என் தாளில் ஏறியது.

தத்தாராம் வைத்தி வந்தார்.
குரல்வளை, இருபத்தொன்றாம் நாள்.
மாஹிமிலிருந்து தண்டவாளத்தோடு நடந்து,
மீன் கட்டும் பாலித்தீனில்
ஃபைலை மட்டும் நனையாமல் கொண்டுவந்திருந்தார்.

"மேடம், இந்த மாஸ்க்கைக் கொஞ்சம் பாருங்க" என்றாள் நஸ்ரீன்.
கன்னத்துக்கும் வலைக்கும் நடுவே
என் விரல் இரண்டு தாராளமாகப் போயிற்று.
எட்டு கிலோ குறைந்திருந்தார்.
என் திட்டம் வேறொருவருக்குப் போட்டது,
அந்த மனிதர் ஜூன் மாதத்தில் இருந்தார்.
இதை வைத்து இன்று கொடுக்க முடியாது.
அதைச் சொல்ல மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.
என் மராத்தி காய்கறி வாங்கப் போதும்,
இதற்குப் போதாது.
பேச்சை எப்போதோ விட்டுவிட்டவர்
மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்:
எத்தனை மணிக்கு?

எந்திரம் சும்மாதான் கிடந்தது.
டாக்டர் வார்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்.
மாஸ்க் செய்பவர் டோம்பிவிலியில்.

வெந்நீர்த் தொட்டியில் வெள்ளைத் தகடு
மெல்லக் கண்ணாடியாயிற்று, எழுபது டிகிரி.
துண்டில் ஒற்றி, நஸ்ரீன் ஒரு விளிம்பு
நான் ஒரு விளிம்பு பிடித்து இறக்கினோம்.
நெற்றி, மூக்குத்தண்டு, தாடை, தொண்டை,
உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வந்தேன்.
பதினோரு வருட வேலையில்
என் கை தொட்ட முதல் முகம்.
காலையிலிருந்து நனைந்து விறைத்த முகம்.
தோள் நடுங்கிக்கொண்டிருந்தது,
பிறகு நடுங்கவில்லை.

ஆறி இறுகியதும் எடுத்தோம்.
வலைத்தடம் பதிந்த கன்னத்தோடு
வெறும் மூச்சால் ஒரே ஒரு சொல் சொன்னார்:
ஷேக்.

நான் திருத்தவில்லை.

சாயங்காலம் முழுக்க அவர் கழுத்தைப் புதிதாக வரைந்தோம்.
ஏழு ஐம்பதுக்கு உள்ளே அனுப்பினோம்.
அதற்குமுன் பாரோமீட்டரை மறுபடி பார்த்தேன், பழக்கம்.
ஆயிரத்து ஒன்று.
மழை விடவில்லை.