நீலம் பாரித்த பொன்

மஞ்சள் என்றுகூடச் சொல்ல முடியாத மஞ்சள்.
தேசிக்காய் அதிகம் பிழியாத தண்ணீர் போல
இருபது மில்லிலீற்றர்.
அதற்குள் நாலு மில்லிகிராம் பொன் என்றார் ரத்னசிறி,
பூட்டிய அலுமாரியைத் திறந்து, குழாயியால் அளந்து,
கொப்பியில் மூவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

ஷிம்னா உடனே கணக்குப் போட்டாள்:
ஒரு பவுணுக்கு இரண்டாயிரம் முகவை வேணும்.
பெருநாள் கழிய அவளுக்குக் கலியாணம்.
போன சனி செட்டியார் தெருவில் விலை கேட்டுவிட்டு
ஒன்றும் வாங்காமல் திரும்பியவள்.
"மாமிக்கு ஒரு போத்தில் கொண்டுபோய்க் குடுக்கட்டா?"

சூடாக்கும் தட்டு மூவருக்கும் ஒன்று.
அடியில் காந்தக் குளிசை சுழல
விஹங்க நேரம் பார்த்தான்.
கொதி வந்ததும் சித்திரேற்றை ஊற்றினோம்.

முதலில் மஞ்சள் போனது.
வெறும் தண்ணீர்.
அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது:
பொன் உள்ளேதான் இருக்கிறது,
கண்ணால் பார்த்து ஒருவராலும் நிரூபிக்க முடியாது.
பிறகு சாம்பல். பிறகு மை.
பிறகு பக்கத்து மேசைகளில் ஒன்றன்பின் ஒன்றாக
பலூடாப் பாணியின் சிவப்பு ஏறியது.
எங்களுடையது ஏறவில்லை.
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில்
நின்றுவிட்டது.

சூடு காணாது என்றான் விஹங்க.
சித்திரேற்று பழசு என்றாள் ஷிம்னா.
நான் கலக்கியைக் குறை சொன்னேன்.

எனக்குத் தெரியும்.
காய்ச்சி வடித்த நீருக்குப் பதினைந்து பேர் வரிசை.
காலை வகுப்பு உப்புக் கரைசல் வைத்திருந்த முகவையை
குழாய்த் தண்ணீரில் ஒருதரம் அலசி
மேலங்கி நுனியால் துடைத்து
பளபளக்கிறது என்று கொண்டுவந்தவள் நான்.

நெருப்பில் இட்டாலும் மாற்றுக் குறையாது என்று
பேரெடுத்த பொன்தான்.
இவ்வளவு சிறிதாகிவிட்டால்
ஒரு சிட்டிகை உப்புப் போதும்.
மணிக்கு மணி முகம் கொடுக்காமல்
தள்ளி நிற்கும்வரை சிவப்பு;
உப்பு நடுவே புகுந்து மனத்தாங்கலைத் தீர்த்துவைத்தால்
கட்டிக்கொண்டு நீலம் பாரிக்கும்.

நிறமாலைமானி திட்டாது, ஒரு கோடு வரையும், அவ்வளவுதான்.
மற்றவர்களுக்கு ஐந்நூற்று இருபதில் கூரான சிகரம்.
எங்களுக்கு ஐந்நூற்று அறுபதில்
சேற்றில் படுத்த எருமையின் முதுகு.

யசந்தியின் குழு தங்கள் எண்ணைத் தருகிறதாம்.
விஹங்க சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்தான்.
பேனை என்னிடம்.
ஐந்து என்று எழுதினேன்.
அதுவரை இரண்டுக்கும் பொது.

தும்முள்ளைப் பக்கம் யாரோ விடாமல் ஹோர்ன் அடித்தார்கள்.

ஆறு என்று எழுதினேன்.

பிழைக்கான காரணம் என்றொரு பத்தி உண்டு.
செயப்பாட்டு வினையில் எழுதவேண்டும் என்பது விதி:
முகவை சரியாகக் கழுவப்படவில்லை.
யார் என்று கேட்காத இலக்கணம்.
எழுதினேன், வெட்டினேன்,
நான் கழுவவில்லை என்று மேலே எழுதினேன்.
ஷிம்னா வாசித்தாள்.
"இதை முதலே சொல்லியிருந்தா
இன்னொரு முகவை எடுத்திருப்பமே, விசரி."
அதைத்தான் நான் நினைத்திருக்கவில்லை.

கழிவுப் போத்தலில் எல்லாரும் ஊற்றினோம்.
சிவப்பெல்லாம் ஒன்றாகி என்ன நிறமானது என்று
பார்க்க நிற்கவில்லை.

மறுநாள் கிருலப்பனையில் 138 ஏறியபோது
கிழிந்த கையுறை விட்ட வழியே
இடக்கைச் சின்னவிரலில் ஊதாக் கறை.
மிச்சக் காசைத் தந்த கொண்டக்டர் விரலைப் பார்த்து
எலக்சன் எப்போ நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார்.
பொன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
எண்ணிப் பார்த்தேன், பத்து ரூபா குறைந்தது.
கேட்டு வாங்கிக்கொண்டேன்.