பதினான்காம் பெட்டி

ராஸ் லஃபான் துறையில் கப்பல் இறக்கிய பெட்டி இது,
ஆயிரத்து இருநூறு டன்.
உள்ளே என்ன ஓடுமென்று
பக்கத்துப் பெட்டிக்குத் தெரிய வேண்டாம்.
இந்த விளிம்பில் பதினாறு துளை,
எதிர் விளிம்பில் பதினாறு துளை,
நேருக்கு நேர் நின்றால் போதும்.
அதை அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பகல் இரண்டு மணிக்கு அளந்தேன்:
ஒன்பது மில்லிமீட்டர் விலகல்.
கொரிய மேலாளர் வரைபடத்தைத் தட்டிக் காட்டினார்.
வரைபடத்தில் வெயில் இல்லை.
விடிகாலை மூன்றரைக்கு மறுபடி போனோம்.
இரும்பு ஆறியிருந்தது.
போல்ட் கையாலேயே இறங்கிற்று.

அல் கோர் முகாம், அறை இருபத்தேழு.
வெள்ளிக்கிழமை செபத்தியான் விசா முடிந்து போனான்;
சனிக்கிழமை அதே மேல்கட்டிலில் ஹனீஃபா.
அதே கொக்கி, அதே அலமாரிச் சாவி,
அதே சாப்பாட்டு டோக்கன் எண்.
உப்பு போதுமா, விளக்கை அணைக்கட்டுமா:
எங்களுக்குள் துளைகள் இவ்வளவே.

பம்பு ஓடியது பதினான்கில்.
விரிசல் விழுந்ததோ பதினைந்தில்.
இரண்டையும் தாங்கிய உத்தரம் ஒன்று.
‘நடுக்கம் பெட்டி எண் பார்ப்பதில்லை’
என்று அறிக்கையில் எழுதினேன்.
மேலாளர் அதை அடித்துவிட்டு
எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டார்.

நேற்றிரவு மேலே சத்தமே இல்லை.
ஏசி கூட நின்றிருந்தது.
என் கட்டிலின் கால்கள் மட்டும்
விட்டுவிட்டு அதிர்ந்தன.
கருவியெல்லாம் சைட்டில், பூட்டிக் கிடந்தது.
கொஞ்ச நேரம் படுத்தே இருந்தேன்.
பிறகு எழுந்து
விளக்கைப் போட்டேன்.
உப்பு போதுமா என்று கேட்கும் அதே குரலில்
‘என்னாச்சு ஹனீஃபா’ என்றேன்.