நண்டு என்றுதான் வரைந்தேன்

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால்
தொண்டியில் எங்களுக்குத் தூரிகை இறங்கும்.

ஐப்பசி. கச்சான் போய்
வாடை வந்து உட்கார்ந்துவிட்டது.
படகெல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு
கல்யாண வீட்டு வாசல் செருப்புகளாய்க் கிடக்கின்றன.

மீனில்லாத ஏலக்கூடத்தை
நர்ஸ் ஜெபராணிதான் கேட்டு வாங்கினாள்.
"கழுவித் தந்தால் சரி" என்றது சங்கம்.
கழுவினோம்.
இரண்டு வாடையும் போகவில்லை.

முதல் சனிக்கிழமை
மீன்பெட்டியின் தெர்மாகோல் மூடிகளில் வரைந்தோம்.
படகு பெயின்ட் தெர்மாகோலைத் தின்னும் என்று
யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.
மருந்துக்கடை ஹபீபின் மயில்
தோகை விரிக்க விரிக்க ஓட்டையானது.
மறுவாரம் உடைந்த வள்ளத்துப் பலகைகள்.

பச்சை ஏராளம். நீலம் போதும்.
சிவப்பு மட்டும் சந்தியாகு அண்ணன்
வீட்டு கேட்டுக்கு வாங்கி வைத்தது.
காதுக்கு விடும் மருந்துபோல
சொட்டு எண்ணித்தான் கொடுப்பார்.
அதனால் எங்கள் ஊர்ப் படங்களில்
சூரியன் பச்சையாய் உதிக்கும்.

பரோட்டாக் கடை லெப்பை தூரிகையைத் தொடவேயில்லை.
மாவு வீசுகிற கையால் நீலத்தை வீசினார்.
பலகையில் மழை பெய்தது.
வெளியிலும் அப்போதுதான் பிடித்தது.
தகரக் கூரையில் அது கொட்டிய கொட்டில்
பேச்சே கேட்கவில்லை.
பலகையைத் தூக்கித் தூக்கிக் காட்டித்தான்
ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டோம்.

நான் நண்டுக் கம்பெனியில் எடை எழுதுகிறவள்.
பதினோரு வருடமாகக் கிலோவும் கிராமும்.
நண்டுக்குக் கால் எத்தனை என்று
எந்த லாரிக்காரரும் என்னைக் கேட்டதில்லை.
அன்று நானே கேட்டேன். தெரியவில்லை.
கொடுக்கு இரண்டு, கால் நாலு போட்டேன்.
பக்கத்துப் பொடியன்
"எல்லாம் சேர்த்துப் பத்துல்ல!" என்றான்.
இடமில்லை.
மிச்ச நாலையும் சுருட்டி
வயிற்றுக்குக் கீழே உருட்டிவிட்டேன்.
உடம்புக்கு எனக்கு வாய்த்தது
திருவிழாப் பந்தலில் மிஞ்சிய மஞ்சள்.

ஐந்து மணிக்கு மழை மூச்சு வாங்கியது.
ஏலக்காரர் நாகூர்கனி எழுந்தார்.
நாலு நாளாய்க் கூவாத தொண்டை
அவருக்கே பாரமாய் இருந்திருக்கும்.
"காசு கூடாது" என்றாள் ஜெபராணி.
"காசில்லாமலும் கூவத் தெரியும்" என்றார்.

லெப்பையின் மழை
இரண்டு கட்டு முருங்கைக்கீரைக்குத் தொடங்கி
ஒருநாள் வலை பொத்தித் தருவதில் முடிந்தது.
ஒரு பச்சைச் சூரியனை
ஐஸ் கம்பெனி கோட்டைச்சாமி எடுத்தார்,
அரைப்பரீட்சை வரை
தன் மகள் கணக்குச் சொல்லித்தருவாள் என்று.
மகள் கூடத்தின் மூலையிலிருந்து முறைத்தாள்.

என் பலகை வந்தது.
நாகூர்கனி நேராகப் பார்த்தார்.
தலைகீழாகப் பார்த்தார்.
இத்தனை நேரத்தில் முதல் தடவையாக
என்ன பெயர் சொல்லிக் கூவுவதென்று தெரியாமல் நின்றார்.

பின்னாலிருந்து ஆட்டோ முத்திருளாண்டி
"அட, என் வண்டி!" என்று எழுந்தான்.
"லைட்டு ரெண்டும் அச்சு அசல்.
சைடு கண்ணாடிகூட விடலையே அக்கா!"
கண்ணாடி என்றது கொடுக்கை.
கம்பெனி வாசல் வரை ஒரு மாதச் சவாரி, கேட்டான்.
ஒரு தரம்.
நண்டு என்று சொல்ல வாயெடுத்தேன்.
இரண்டு தரம்.
காயாத மஞ்சள் சட்டையில் அப்ப
அவன் அதற்குள் பலகையை மார்போடு சேர்த்திருந்தான்.

கூண்டு இறங்கிவிட்டது. படகுகள் போய்வருகின்றன.
எடை நோட்டின் ஓரத்தில்
இப்போதெல்லாம் கால்களை எண்ணிப் போடுகிறேன். பத்து.
அவன் வண்டியின் முதுகில் என் படம்
தினமும் ஊரைச் சுற்றுகிறது.
இதுவரை நானும் சொல்லவில்லை.

நேராகத்தான் ஓட்டுகிறேன் என்கிறான்.
பஸ் ஸ்டாண்ட் முக்கில் திரும்பும்போது மட்டும்
வண்டி கொஞ்சம்
பக்கவாட்டில் நடக்கிறது.