பெரியவன், சின்னவன்

புதுவயல். அரிசி ஆலை. மதியம் இரண்டே கால்.
கரண்ட் போய் வந்த கையோடு
இரண்டு கேமராவும் இடம் மாறிவிட்டன.
வைத்த இடத்தில்தான் இருக்கின்றன, திருகாணிகூட அசையவில்லை;
மென்பொருளுக்குள் மட்டும்
இடது தன்னை வலது என்கிறது.

முதலில் விழித்தவனுக்குப் பூஜ்யம்,
அடுத்தவனுக்கு ஒன்று. அவ்வளவுதான் அதன் கணக்கு.
இடப்பக்கம் கறுப்பு மணியைக் கண்டால்
வலப்பக்கம் காற்று ஊதுகிறது.
பதினோரு மூட்டை நல்ல பொன்னி
கழிவுத் தொட்டியில்.

"ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மூஞ்சி"
என்றான் சேவுகன். மெஷின் அவன் பொறுப்பு.
"இரட்டைப் பிள்ளைக்குக்கூட இடுப்புல
வேற வேற கலர் கயிறு கட்டுவாங்கக்கா."

கட்டலாம். வரிசை எண் என்று ஒன்று இருக்கிறது.
ஏணியில் ஏறி, தவிட்டைத் துடைத்து,
போன் வெளிச்சத்தில் வாசித்தேன்.
ஒன்று 4417 என முடிந்தது,
மற்றது 4471.
அச்சடித்தவன் சிரித்துக்கொண்டே அடித்திருப்பான்.

கணக்கு மேசையிலிருந்து முதலாளி உமையாள் எழுந்து வந்தார்.
"எங்க பங்காளி வீடுகள்ல
சாத்தப்பன் மட்டும் ஏழு பேரு.
பேங்க்ல பேரை யாரு பாக்குறா?
முன்னால நிக்கிற நாலு எழுத்துதான் ஆளு."

அதேதான் என்றேன்.
கூப்பிட ஒரு பெயர், காட்டிக்கொடுக்க ஒரு எண்.
இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால்
எவன் முதலில் விழித்தால் என்ன.

பெயர் கேட்டது பெட்டி. தமிழில் அடித்தேன்;
வரிசையாகக் கேள்விக்குறிகளைத் திருப்பித் தந்தது.
இங்கிலீஷ் எழுத்து மட்டும், இடைவெளி கூடாது, பன்னிரண்டுக்குள்.
"இளையாத்தங்குடி" என்றார் உமையாள்.
எண்ணிப் பார்த்தேன், பதிமூன்று.
வேலங்குடி ஒன்பதுதான், வைக்கலாமே?
"எங்க கோயில் பேரு கொள்ளாத பெட்டிக்கு
அடுத்தவுக கோயில் எதுக்கு?"

பெரியவன், சின்னவன் என்றான் சேவுகன்.
ஆளுக்கு ஒன்பது எழுத்து. கச்சிதம்.
எது பெரியது என்று அவனே முடிவு செய்தான்,
வாசலுக்குக் கிட்டே இருப்பது.

வெண்மை சரிபார்க்க வெள்ளைத்தாள் கேட்டேன்.
ரசீதுப் புத்தகம் மஞ்சள்.
சேவுகன் வேட்டியில் சொட்டுநீலம் தூக்கல்.
கடைசியில் ஒரு முறம் அரிசியையே பரப்பி
இதுதான் வெள்ளை என்று இருவருக்கும் சொன்னேன்.
பெரியவன் உடனே நம்பினான்.
சின்னவன் கொஞ்சம் பச்சையாகவே பார்த்தான்;
அவன் எக்ஸ்போஷரை ஏற்றி இறக்கி
நாலரை ஆகிவிட்டது.

பிறகு மெயினை நானே அணைத்தேன்.
ஆலை மொத்தமும் மூச்சை நிறுத்தியதும்
கூரைப் புறாக்களின் குரல் கேட்டது.
போட்டேன்.
இம்முறை சின்னவன் முதலில் விழித்தான்,
சின்னவனாகவே.

பஸ் கண்டனூரைத் தாண்டவில்லை, போன்.
"அக்கா, பெரியவன் கண்ணுல தவிடு."
மெல்லிய துணியால துடை, வாயால ஊதிடாதே.
கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும்.
"ஊதிட்டேனே" என்றான்.