பயன்படுத்தாதவை உட்பட

லியெபாயாவில் காற்றுக்கு வாடகை கிடையாது.
மீன் ஆலையின் மேல்மாடிக்கு உண்டு,
மாதம் நூற்றிருபது யூரோ.
அங்கே மூன்று பேர், இரண்டு மேசை,
ஒரு கெட்டில், ஒரு நாய்.

நாய் திரைக்குள் இருந்தது.
ஸைகா வரைந்தாள். ரைடிஸ் நடக்க வைத்தான்.
மூச்சு மட்டும் என் பொறுப்பு:
பிப்ரவரியில், உறைந்த கால்வாய்க் கரையில்,
அடுத்த வீட்டுக்காரரின் கிழட்டு வேட்டைநாயருகே
மைக்கைப் பிடித்தபடி மண்டியிட்டு
நான் திருடிய மூச்சு.

விளையாட்டு இவ்வளவுதான்.
கடற்கரையில் நீங்கள். தூரத்தில் அது.
கூப்பிட்டால் வராது.
துரத்தினால் போய்விடும்.
எந்தப் பொத்தானையும் தொடாமல்
பதினோரு நிமிடம் சும்மா இருந்தால்
வரும். காலடிக்கு அல்ல,
கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்ளும்.
அது குரைக்காது.
கடைசிவரை ஒருமுறைகூடக் குரைக்காது.
இதில் மட்டும் மூவருக்கும் சண்டையே வந்ததில்லை.
மற்ற எல்லாவற்றிலும் வந்தது;
மணலின் நிறத்துக்காக ஒரு வாரம்
முகம் பார்க்காமல் வேலை செய்திருக்கிறோம்.

ஹாம்பர்கிலிருந்து ஹென்ரிகே வந்தாள்.
கெட்டவள் என்று சொன்னால் கதை சுலபமாகிவிடும்.
பத்தாவது நிமிடத்தில் கை தவறிப் பொத்தானைத் தொட்டுவிட்டு
"ஐயோ" என்றாள்,
மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தாள்.
நாய் படுத்தபோது
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித்
துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.
அன்று எங்களிடம் இருந்தவை
வங்கியில் நாற்பத்தொரு யூரோ,
ஸைகாவுக்கு எட்டாம் மாதம்.

ஒப்பந்தம் முப்பத்தெட்டுப் பக்கம்.
ரைடிஸ் உரக்கப் படித்தான், நாங்கள் கேட்டோம்.
பதினேழாம் பக்கத்தில் பீட்ஸா வந்தது.

முதல் கடிதம் பணிவாக இருந்தது:
பதினோரு நிமிடத்தை நான்காக்க முடியுமா?
நான்கு போய் ஒன்றரை கேட்டார்கள்.
ஒன்றரையும் போய்ப் பதினோரு நொடியில் வந்து நின்றது.
"எண் உங்களுடையதேதான்" என்று எழுதியிருந்தார்கள்
பரிசு கொடுப்பதுபோல.

பிறகு நாய் வாலாட்டியது.
பிறகு வாலுக்கு விலை வந்தது.
தொப்பி, கழுத்துப்பட்டை,
கிறிஸ்துமஸுக்குக் கலைமான் கொம்பு.
ஸைகா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு
மறு கையால் கொம்பு வரைந்தாள்.
நன்றாக வரைந்தாள்.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரைடிஸ் முடியாதென்று எழுதினான்.
பதிலில் பக்க எண், பத்தி எண்
தவிர வேறொன்றுமில்லை.
எடுத்துப் பார்த்தோம், பதினேழு:
"அனைத்துக் கோப்புகளும்,
பயன்படுத்தியவை, பயன்படுத்தாதவை உட்பட."
பீட்ஸாவில் காளான் போட்டிருந்தது,
அதுகூட ஞாபகம் இருக்கிறது.

இப்போது ரைடிஸ் ரீகாவில்
கடன் தவணை கணக்கிடும் நிரல் எழுதுகிறான்.
நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.
நாடக அரங்கில் எனக்கு ஒலி வேலை,
மழை வேண்டுமென்றால் மழை, குதிரை வேண்டுமென்றால் குதிரை.

போன வாரம்,
ஊருக்கு இருக்கும் ஒரே டிராமில்,
எதிர் இருக்கைப் பையனின் மடியில் போன் குரைத்தது.
இரண்டு முறை.
திரையில் எங்கள் மணல், எங்கள் நாய், கொம்போடு.
"மூன்று நாளாக உன்னைக் காணோம்!
உன் நாய் ஏங்குகிறது!"

அந்தக் குரைப்பு எனக்குத் தெரியும்.
விளையாட்டு முதன்முதலாக ஓடிய ராத்திரி,
மூன்றாவது பீருக்குப் பிறகு,
ரைடிஸ் மைக்கில் வாயை வைத்துக் குரைத்தான்,
குரைத்துவிட்டு அடக்கமாட்டாமல் சிரித்தான்.
"குப்பை" என்று பெயரிட்டுச் சேமித்துவைத்தேன்.

சிரிப்பை வெட்டியிருந்தார்கள்.
சுத்தமான வெட்டு,
என்னாலேயே தையலைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பையன் எதையும் தொடாமல்
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.
போன் மறுபடியும்
ரைடிஸின் தொண்டையில்
கூப்பிட்டது.