பதினான்காவது கட்டம்

பாட்டு மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி.
நூற்றுப் பதினொரு தடவை கேட்டுவிட்டேன்,
நிலாவெளி பஸ்ஸில், ஒரு காதில் மட்டும்.
மற்றக் காதில் கொண்டக்டர்.

சி.ஆர். கொப்பியின் பின்பக்கம்
பதினான்கு கட்டம் கீறினேன்.
ஆட்களைக் கீற வராது எனக்கு.
டெரன்ஸ் ஒரு தீக்குச்சி, கிற்றார் ஒரு பூசணிக்காய்.
மான் மட்டும் மான் மாதிரியே வந்தது.

மான் ஏன் என்றால்,
இரவு பத்தரைக்குக் கொழும்பு பஸ் வெளிக்கிட்ட பிறகு
நிலையத்துக்குள் அவை வரும்.
அவசரமில்லாமல், டிக்கெட் எடுக்காமல்.
சோற்றுப் பார்சல் தாளை நக்கும்.
ரியூசன் போஸ்டரைச் சுவரோடு உரித்துத் தின்னும்,
முதலில் இரசாயனவியல்,
பிறகு சேரின் சிரிப்பு.

டெரன்ஸின் பாட்டில் ஒரு தமையன் கட்டாருக்குப் போகிறான்.
போவது பாட்டில் இல்லை.
பாலையூற்றில் ஒரு வீட்டுக் கதவைப்
பிறகு யாரோ பூட்டும் சத்தம்தான் இருக்கிறது.
அந்தச் சத்தத்துக்கு என்ன காட்டுவது?
மூன்று கிழமை அதுவே வேலை.

மத்திய வீதி, கைபேசிக் கடை மேல்மாடி.
காசு போடுகிறவர் குகபாலன் அண்ணர்.
பிளேன்ரீ வந்தது.
"சொல்லுங்கோ தங்கச்சி."
மடிக்கணினியைத் திறந்தேன்,
முதல் சிலைட் எழும்பக் கரண்ட் நின்றது.
பற்றரி போன வருடமே செத்துப்போனது.

ஆகவே வாயால் படம் காட்டினேன்.
மேசையில் தட்டினேன், இது ரயர், இது குளம்பு.
ஹிஷாமின் ஓட்டோவில் பின்திரையைக் கழற்றிவிட்டு
கமராவோடு நான் குந்தியிருப்பேன்,
டெரன்ஸ் எங்களை நோக்கி நடப்பான்,
ஓட்டோ அவனைவிடக் கொஞ்சம் வேகமாய்ப் போகும்,
அவன் எட்டவே மாட்டான்.

"ட்ரோன்?"
"நேவிக்கு மேலால விடமாட்டாங்கள் அண்ணை."
"கோணேசர் மலையில ஒரு சூரிய உதயம்?"
"அது எல்லாற்ற வீடியோவிலும் உதிக்குது."
"பொம்பிளைப் பிள்ளை ஒண்டு கடற்கரையில நடந்து வராதோ?"
"பொம்பிளைப் பிள்ளை கமராவுக்குப் பின்னால நிக்குது."
டெரன்ஸ் தேத்தண்ணிக்குள் சிரித்தான்.
அண்ணர் சிரிக்கவில்லை.

"மான் எவ்வளவு கேக்கும்?"
பகிடியா பட்ஜெட்டா, தெரியவில்லை.
"ரண்டு கட்டுப் பொன்னாங்காணி" என்றேன்.
"வராட்டி?"

'மான் வருகிறது' என்று எழுதியிருந்தேன்.
திரைக்கதையில் எல்லாம் நிகழ்காலம்,
முதலாம் வருடத்தில் படித்தது.
மான் படிக்கவில்லை.

"சரி, கடைசியில என்ன நடக்குது?"
கொப்பியை அவர் பக்கம் திருப்பினேன்.
பதினான்காவது கட்டத்துக்குள் ஒன்றுமில்லை.
கீற நேரம் கிடைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்,
அவர் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்து
அந்த வெறுமையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"பஸ் போயிட்டுதோ?"
"போயிட்டுது."
"அப்ப வாங்கு தெரியவேணும்.
அனுப்ப வந்த ஆள் எழும்பாத வாங்கு.
நான் இருந்தனான், ஒருக்கா, விடியுமட்டும்."
யாரை அனுப்பி என்று அவர் சொல்லவில்லை.
பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது.

கரண்ட் வந்தது.
அண்ணரும் திரும்பி வந்தார்.
"நாப்பதாயிரம். சாப்பாடு உங்கட.
கடைப் பலகை அஞ்சு செக்கன்."
"ரண்டு."
"மூண்டு."

பத்து நாற்பது. பஸ் நிலையம்.
வாங்கின் இரும்பு இன்னும் சூடாய் இருக்கிறது.
விரல்களைச் சட்டமாக்கி ஒரு கண்ணை மூடுகிறேன்.
குப்பைத் தொட்டி, சுவர், பாதி இரசாயனவியல்,
அஞ்சு நாய்.
"இப்பவோ?" என்கிறான் டெரன்ஸ்.
கீரைக் கட்டு மடியில் வாடுகிறது.
கொப்பியை எடுத்துப் பதினான்கில்
ஒரு வாங்கு கீறுகிறேன், கால் கோணலாய்.
'மான் வருகிறது' என்பதை
வெட்டவில்லை.